அம்மாவைக் கூட்டிட்டு வா

“கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க சாமி.”

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தலைமையாசிரியர் தில்லைநாயகம் புலம்பினார். சாமி ஈர வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். வயதில் இளையவர்தான். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் தில்லைநாயகத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“யாரு வரல?”

“பெத்தவங்கதான். கூட்டம் போட்டா நானும் நாற்காலியும்தான். அது கெடக்கட்டும். பத்தாம் வகுப்புல செண்பகவல்லின்னு ஒரு புள்ள. கணக்குல புலி. அவளை மில்லு வேலைக்கு அனுப்பப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். ‘நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா’ன்னேன். நல்லபடியாப் பேசத்தான் கூப்பிட்டேன். அம்மாவும் வரல. அன்னையிலேருந்து அவளும் வரல. பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. வயிறு எரியுது சாமி.”

சாமி இன்னொரு வேட்டியை உதறினார். தண்ணீர் தில்லைநாயகத்தின் கண்ணாடியில் தெறித்தது.

“நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

தில்லைநாயகத்துக்கு முகம் செத்துவிட்டது.

“எங்கம்மாவையா? அவங்களுக்கு எண்பது வயசு சாமி. மூட்டுவலி வேற.”

“கூட்டிட்டு வாங்க.”

ஐம்பத்தாறு வயது மனுஷன். உள்ளே நுழைந்தால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் என்ன தப்புப் பண்ணேன் சாமி?”

சாமி கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகம் கண்ணாடியைத் துடைத்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

செண்பகவல்லியின் அம்மா பேச்சியம்மாள் வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் மடியிலிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சார்... எம்மவ என்ன தப்புப் பண்ணுனா?”

“ஒண்ணும் பண்ணல தாயி.” அவர் தரையிலேயே உட்கார்ந்தார். “இம்புட்டு அருமையாக் கணக்குப் போடுற புள்ளைய வளத்தவங்களை ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதவுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

“மில்லுல சொல்லி வச்சிருந்தேன் சார்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “நாளைக்கு வரலாமா?”

“தாராளமா அனுப்புங்க தாயி.”

“அவ மட்டும் இல்ல சார். நானும்.”