ஒட்டுச் சட்டமும் ஆமைத்திட்டு விளக்கும்

"அம்மா, செத்தவனுக்கு மாசாமாசம் அரிசி அனுப்பிக்கிட்டு இருக்கேன்," என்றார் அரியநாதர்.

நாச்சி தலை நிமிரவில்லை. இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுறானா?" என்று கேட்டாள்.

"அதுதான் பயமா இருக்கு. மூட்டை காலியாகுது."

அரியநாதர் ஆழிமுனை மன்றத்தில் சட்டம் எழுதுபவர். தலை முழுக்க நரைத்தவர். நாச்சிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். துறைமுகத்தின் கடைசியில், கைவிடப்பட்ட சுங்கச் சாவடியில் இருந்தாள். அவளிடம் கேள்வியோடு போனவர்களில் சிலர் பதிலோடு திரும்பினார்கள். சிலர் இறாலோடு திரும்பினார்கள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள்.

சொன்னார்.

அந்த வருடம் மன்றம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் கரையோரத்தார். மறுபக்கம் மேட்டுத்தெருவார். வருடத்துக்கான செலவுத் திட்டத்தை ஒருவர் கொண்டுவந்தால் மற்றவர் கிழித்தார். மன்றம் ஒப்பாமல் கஜானாக் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை, தோணித்துறை இல்லை, குடிதண்ணீர் இல்லை.

அதனால் அரியநாதர் ஒரே ஒரு பக்க அளவில் ஒரு சிறிய சட்டம் எழுதினார்.

'போன வருடம் நடந்தவை இந்த மாதமும் நடக்கட்டும். நடக்கும் எதையும் நிறுத்த வேண்டாம். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அமாவாசை வரை மட்டும்.'

யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. இரண்டு பக்கமும் கை தூக்கியது. அமாவாசை வந்தது, சண்டை தீரவில்லை. மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி மறுபடியும் எழுதினார். மறுபடியும் கை தூக்கினார்கள். ஊரார் அதற்கு ஒட்டுச் சட்டம் என்று பேர் வைத்தார்கள்.

ஊர் ஓடியது. ஆஸ்பத்திரி திறந்திருந்தது. அதன் ஒழுகும் கூரையும் ஒழுகிக்கொண்டே இருந்தது, புதுக் கூரை போட அனுமதி இல்லை.

"இதுல செத்தவன் எங்க வந்தான்?"

"முடியப்பன், அம்மா. ஆமைத்திட்டுக் கலங்கரை விளக்குக்காரன். காய்ச்சல்ல போயிட்டான்னு தோணிக்காரன் சவரி வந்து சொன்னான். அவன் இடத்துக்குப் புது ஆளைப் போட முடியாது. ஆனா விளக்குக்குப் போற அரிசியையும் எண்ணெயையும் நிறுத்தவும் முடியாது. அதனால போய்க்கிட்டு இருக்கு."

"சரி."

"விளக்கும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

நாச்சியின் கை நின்றது.

"தினமும் அந்தியில ஏறுது. மீன் பிடிக்கப் போறவங்க பார்த்திருக்காங்க. முடியப்பனோட சிவப்புச் சட்டை, கோபுரத்து மேல நிக்குதாம். கரையில பொம்பளைங்க அந்திக்கு அப்புறம் கடல் பக்கம் திரும்புறதில்லை."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"மேட்டுத்தெரு தணிகாசலம், பேய்க்குச் சோறு போடுற சட்டத்துக்குக் கை தூக்க மாட்டேங்கிறார். விளக்கை மட்டும் சட்டத்துல இருந்து எடுத்தா, பாறையில மோதிச் சாகவான்னு கரையோரத்தார் எழுந்து போயிடுவாங்க. வர்ற அமாவாசையோட எல்லாம் நின்னுடும். யார் விளக்கேத்துறாங்கன்னு தெரிஞ்சா போதும். சவரியைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்."

நாச்சி எழுந்து கை கழுவினாள். உள்ளே போய்ப் பழைய போர்வை ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தத் தடவை அரிசியை நீங்களே கொண்டுபோங்க."

"சாயங்காலம் திரும்பிடுவேனே, அம்மா. போர்வை எதுக்கு?"

நாச்சி மீதி இறாலை உரிக்க உட்கார்ந்தாள்.

*

கடலில் மூடுபனி. சவரி துடுப்புப் போட்டான். பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டினான்.

பனிக்குள்ளிருந்து திட்டு திடீரென்று எழுந்து நின்றது. கருப்புப் பாறை. மேலே கோபுரம். படித்துறையில் ஓர் ஆள்.

சிவப்புச் சட்டை.

தோணி நெருங்க நெருங்க அந்த உருவம் அசையாமல் நின்றது. கையில் ஒரு துணி மூட்டை. கன்னம் ஒட்டிய முகம். கண் மட்டும் உயிரோடு இருந்தது.

"இறங்குங்க," என்றது உருவம். "பொழுது போகுது."

இறங்கினார். கால்கள் தாமாக இறங்கின. சவரி அரிசியையும் எண்ணெயையும் படியில் இறக்கினான். உருவம் தன் துணி மூட்டையைத் தோணிக்குள் போட்டது. சட்டையைக் கழற்றி அவர் தோளில் மாட்டியது. சட்டை சூடாக இருந்தது. அப்போதுதான் அது மனிதன் என்று அவருக்கு உறைத்தது.

"போட்டுக்குங்க. கப்பல்ல இருந்து பார்க்கிறவங்களுக்கு ஆள் மாறினது தெரியக் கூடாது."

"நீ யாரு?"

"துறைமுகத்துல மூட்டை தூக்குறவன். போன மாசம் அரிசி கொண்டு வந்தேன்."

"போன மாசமா? நீ ஏன் திரும்பலை?"

"அந்தியாச்சு. ஏத்த ஆள் இல்லை. இன்னைக்கு மட்டும்னு ஏத்தினேன்." அவன் தோணியில் உட்கார்ந்தான். "எனக்கு முன்னாடி வந்தவனும் அப்படித்தான். அவனுக்கு முன்னாடி வந்தவனும். முடியப்பனைப் புதைச்சவன் ஆரம்பிச்சது."

"ஒருத்தனும் சொல்லலியே!"

"புதுசா யாரையும் வைக்கக் கூடாதுன்னு சட்டம். சொன்னா எங்களை இறக்கிடுவாங்க. விளக்கு நின்னுடும். அப்புறம், நாங்க மூட்டை தூக்குறவங்க. ஒருத்தன் ஒரு மாசம் காணலேன்னா யார் தேடுறா?"

சவரி துடுப்பை ஊன்றித் தள்ளினான். தோணி நகர்ந்தது.

"நில்லு! நான் அமாவாசைக்குள்ள கரையில இருக்கணும். நான்தான் சட்டம் எழுதணும்!"

தோணியில் இருந்தவன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ நீங்கதானா," என்றான்.

பிறகு, பனி மூடுவதற்குள், கத்தாமல் சொன்னான்: "என் பொஞ்சாதிக்குப் பேறுகாலம்னு நானும் இதே படியில நின்னு கத்தினேன். இப்போ பிறந்திருக்கும்."

*

அரியநாதர் அன்று விளக்கை ஏற்றினார். வேறு என்ன செய்வது? பாறைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாய்மரம் வழி தேடி நின்றது. திரியைத் தூண்டியதும் அது மெல்லத் திரும்பி விலகிப் போனது.

விளக்குக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வளைந்து நின்றது. அதில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவரையே பார்த்தான். கீழே இறங்கும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோபுரத்தின் அடியில் சங்கு பதித்த ஒரு மேடு. அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்.

ஒருநாள் பகலில் மீன்பிடிப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. பாறை நுனிக்கு ஓடினார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"இங்க வாங்க! நான்தான்! அரியநாதன்!"

காற்று அவர் குரலைத் தின்றுவிட்டது. படகில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டான். அவர் எவ்வளவு ஆட்டினாரோ, அவ்வளவு வேகமாகப் படகைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு அவர் கையை ஆட்டவில்லை.

சமைத்தார். சாப்பிட்டார். அந்தியில் படி ஏறினார். குளிர் எலும்பில் இறங்கிய வேளைகளில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாச்சியை நினைத்துக்கொண்டார், கோபத்தோடு. எப்போதாவது காற்று முடியப்பா என்று கூப்பிடுவது போல் இருக்கும். ஒருமுறை வாய் தவறி, "என்ன?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுவதும் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

பிறை தேய்ந்துகொண்டே வந்தது.

அமாவாசையும் வந்தது.

மறுநாள் காலை துறைமுகத்து மணி அடிக்கவில்லை. கொடி ஏறவில்லை. தோணித்துறையில் ஒரு பாய்கூட விரியவில்லை. அந்தி சாய்ந்ததும் அவர் விளக்கை ஏற்றிவிட்டுக் கரையைப் பார்த்தார். வழக்கமாக ஆஸ்பத்திரி மாடியில் வரிசையாகத் தெரியும் வெளிச்சங்கள் இல்லை. சாலை விளக்குகள் இல்லை. கரை இருந்த இடத்தில் கரையே இல்லை.

தாம் எழுதாமல் போன அந்த ஒரு பக்கத்தை அவர் இருட்டாகப் பார்த்தார்.

அரிசி மூட்டையின் அடி தெரிந்தது. எண்ணெய்ப் பீப்பாயைச் சாய்த்துத்தான் மொள்ள வேண்டியிருந்தது. இனி யார் அனுப்புவார்கள்? அனுப்பச் சொல்லும் சட்டமே செத்துப்போயிருந்தது. அவர் இத்தனை நாளும் தின்றது தாம் எழுதிய வரியைத்தான் என்பது அப்போது புரிந்தது.

*

பனி அடர்ந்த ஒரு பிற்பகலில் துடுப்புச் சத்தம் கேட்டது.

முதலில் அவர் நம்பவில்லை. பிறகு சவரியின் தோணி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. நடுவில் நாச்சி. முன்னால், மழித்த தலையோடு யாரோ ஒருவர், தோளில் அரிசி மூட்டையோடு.

மழித்த தலைக்காரர் படித்துறையில் நின்ற சிவப்புச் சட்டையைப் பார்த்தார். மூட்டை நழுவி விழுந்தது.

"முடியப்பா," என்றார், "எங்களை விட்டுடு."

குரலை வைத்துத்தான் அரியநாதர் கண்டுபிடித்தார். தணிகாசலம்.

"நான் அரியநாதன்."

தணிகாசலம் நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உம்மை ஊரெல்லாம் தேடினோம். இந்த அம்மாதான், அவரைப் பார்க்கணும்னா ஆமைத்திட்டுக்கு அரிசி கொண்டுபோங்கன்னாங்க. கஜானா பூட்டிக் கிடக்கு. இது எங்க வீட்டு அரிசி."

"தலை ஏன்..."

"எங்க அம்மாவுக்கு மூச்சு முட்டல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். பூட்டு. மருத்துவர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறார். திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, நீங்கதானே கை தூக்கலைன்னு சொல்லிட்டு அழறார். கடைசியில பூட்டைத் திறந்து உள்ள கொண்டுபோனார்." தணிகாசலம் கடலைப் பார்த்தார். "அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அலை வந்து படியை நனைத்துவிட்டுப் போனது.

"விளக்கை யாரய்யா ஏத்துறது?" என்று கேட்டார் தணிகாசலம்.

"நான்தான். எனக்கு முன்னாடி மூட்டை தூக்குறவங்க."

"யார் போட்ட உத்தரவு?"

"யாரும் போடலை."

தணிகாசலம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாச்சி தோணியிலேயே உட்கார்ந்திருந்தாள். அரியநாதரும் தணிகாசலமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தச் சட்டையைக் கழட்டும்," என்றார் தணிகாசலம்.

"நீங்க மன்றத்துல இருக்கணுமே."

"எங்க ஆளுங்க கிட்ட நான் சொன்னேன்னு சொல்லும். எது எழுதினாலும் கை தூக்குவாங்க." சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவர் உடம்புக்கு அது இறுக்கமாக இருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறத் தொடங்கினார். பாதியில் நின்று, திரும்பாமலே கேட்டார்: "திரியை எவ்வளவு தூண்டணும்?"

அரியநாதர் சொல்லிக் கொடுத்தார்.

*

திரும்பும் வழியில் அவரால் வாயை மூட முடியவில்லை. ஒரு மாதத்துப் பேச்சு உள்ளே அடைந்து கிடந்தது.

"அம்மா, கரை சேர்ந்த உடனே எழுதிடுவேன். கை பழகிப்போச்சு, மாசத்துப் பேரை மாத்தினா போதும். காலையில ஆஸ்பத்திரி திறந்துடும்."

நாச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வருஷத்துக்குன்னா இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசணும். கூரைக்கு எவ்வளவு, விளக்குக்கு யாரு, எல்லாத்துக்கும் சண்டை வரும். இப்போ எல்லாரும் பயந்துபோய் இருக்காங்க. எதுக்கு வம்பு? இன்னும் ஒரே ஒரு மாசம். அப்புறம் பார்த்துக்கலாம். என்ன சொல்றீங்க?"

நாச்சி கை நீட்டினாள். சவரி துடுப்பைக் கொடுத்தான். அவள் அதை வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

தோணி போய்க்கொண்டே இருந்தது. ஏற்கெனவே போட்ட துடுப்பின் வேகம் அதைக் கரையை நோக்கித் தள்ளியது. நேராக, சத்தமில்லாமல்.

"பரவாயில்லையே, அதுவாப் போகுது," என்று சிரித்தார் அரியநாதர்.

கொஞ்சம் மெதுவானது.

இன்னும் கொஞ்சம்.

பிறகு நின்றது. சுற்றிலும் பனி. கரை எந்தப் பக்கம், திட்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நாச்சி அசையவில்லை. சவரி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோணியின் மூக்கு மெல்ல, மிக மெல்ல, தானாகத் திரும்பியது. அடியில் நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. பனிக்குள் எங்கோ பாறையில் தண்ணீர் உடையும் சத்தம் கேட்டது. அடுத்த முறை கேட்டபோது அது இன்னும் கிட்டத்தில் இருந்தது.

"அம்மா," என்றார் அரியநாதர்.

நாச்சி அவரைப் பார்த்தாள்.

அவர் எழுந்து அவள் மடியிலிருந்த துடுப்பைப் பிடுங்கினார்.