மூடுபனிக்கு ஒரு மஞ்சள் விளக்கு

வத்தலக்குண்டில், மலை ஏறும் சாலை ஓரமாக ஜெசிந்தாவின் பட்டறை. பைக் வயரிங்கில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவளிடம் தொழில் கற்க வந்த தவமணிக்கோ அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடுதல். பாதி ஊருக்கு வீட்டு வயரிங் செய்த மனுஷன். ஆனாலும் அவளை வாய் நிறைய மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் சிரித்தாலும் அவர் கண்டுகொள்வதில்லை. எல்லோரும் கைவிட்ட வண்டிகளை அவள் ஓடவைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

மலைக்கிராம நர்ஸ் பரிமளா ஒருநாள் தன் பைக்கோடு வந்தாள்.

"பனியில எதிர வர்ற லாரிக்காரங்களுக்கு நான் வர்றதே தெரியல. சுத்தி மஞ்சளா எல்.இ.டி. போட்டுக் குடுங்க."

"மாஸ்டர், இதை நான் தனியா பண்ணட்டுமா?" என்றார் தவமணி. இதைக் கேட்க மாதக்கணக்காகத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"பண்ணுங்கண்ணா. சரியா வந்தா இனிமே உங்களைக் கேக்காம எந்த வண்டியும் வெளிய போகாது."

சாப்பாட்டை மறந்து வேலை செய்தார். ஹெட்லைட் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்து, ஒவ்வொரு வயரையும் நூல் பிடித்ததுபோல் விறைப்பாக இழுத்து ஒட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி தகதகவென்று மின்னியது.

ஜெசிந்தா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அம்மாடி, என்ன கைண்ணா உங்களுக்கு. இந்த நேர்த்தி எனக்கு வராது."

தவமணி சட்டை நுனியால் பெட்ரோல் டேங்கை இன்னொரு முறை துடைத்தார்.

அவள் இன்ஜினை ஓடவிட்டாள். ஹேண்டில்பாரைக் கடைசிவரை இடதுபுறம் திருப்பினாள். விறைத்துக் கிடந்த வயர் இரும்பு விளிம்பில் உரசித் தோல் உரிந்தது. ஒரு பொறி பறந்தது. மஞ்சள் விளக்கும் ஹெட்லைட்டும் ஒரேயடியாக அணைந்தன, இன்ஜினும் நின்றுபோனது.

தவமணியின் முகத்தில் ஈயாடவில்லை. கொண்டை ஊசி வளைவில், பனிக்குள், விளக்கில்லாமல் பரிமளா நிற்பதுபோல் நினைத்துப் பார்த்தார்.

"வீட்டுச் சுவர் அசையாதுண்ணா," என்றாள் ஜெசிந்தா. "இது திரும்பும்."

சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வண்டி மொத்தத்துக்குமான ஒரே ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது; அதை மாற்றினார். ஒட்டியதை எல்லாம் பிரித்தார். ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுபடாதபடி வயரைத் தளர்த்தி, ரப்பர் குழாய்க்குள் நுழைத்தார். கை வலிக்கிற வரைக்கும் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப வந்து பாருங்க மாஸ்டர். இனி ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு டப்பாவைத் துழாவி ஒரு சின்ன ஃபியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு? வண்டிக்குத்தான் ஃபியூஸ் இருக்கே."

"நம்ம விளக்குக்குத் தனியா."

"அதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றேனே மாஸ்டர்."

"ஆகும்ணா. உங்க கை வச்சாலும் ஆகும், என் கை வச்சாலும் ஆகும். அன்னிக்கு நம்ம விளக்கு மட்டும் அணையணும். நர்சம்மா, அவங்க ஹெட்லைட் எரிஞ்சுக்கிட்டே வீடு போய்ச் சேரணும்."