தீ வைத்தவனுக்கா பசு?

தேக்கு நட்டவன் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். மாடு வளர்ப்பவனுக்கு மறுநாள் காலையே பால் உண்டு. இரண்டையும் ஒரே வேலிக்குள் அடைத்தவர் ஞானசிகாமணி. மலையடிவாரத்தில் பன்னிரண்டு ஏக்கர் தேக்கு. மர வரிசைகளுக்கு நடுவே பதினாலு பசுக்கள். தோப்புக்கும் மலைக்கும் இடையில் புல்வெளி. தோப்பையும் புல்வெளியையும் ஒரு வண்டிப்பாதை பிரிக்கும். புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டுவது மரியசூசையின் வேலை. மாடு மேய்ப்பது இசக்கியம்மாள். சுற்றிலும் முள்கம்பி, வாசல் ஒன்றே ஒன்று, மேற்கே, மலையைப் பார்த்து. சிக்கனமாம். சிக்கனக்காரர்களின் புத்தி எப்போதும் ஒரு வாசலோடு நின்றுவிடும்.

மத்தியானம் மாடுகள் படுக்கும் இடத்தை இசக்கி தினமும் மாற்ற வேண்டும், சாணம் எல்லா வரிசைக்கும் விழ வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அவள் மாற்றவில்லை. தோப்பின் நடுவே ஒரே இடத்தில் படுத்துப் படுத்து, கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்கு அங்கே தரை வழுக்கையாகிவிட்டது.

"செவலை அங்க போய்ப் படுத்துட்டா மத்ததெல்லாம் அவ பொறத்தாலயே போய்ப் படுக்கு. நான் என்ன செய்யட்டும் மொதலாளி?" என்றாள் இசக்கி.

"மாட்ட நீ மேய்க்கியா, மாடு உன்ன மேய்க்குதா?" என்றார் அவர்.

மரியசூசையும் சேர்ந்துகொண்டான். "அந்த வழுக்கையில ஒரு புடி புல்லு கெடையாது. சருகு விழுந்தாக்கூட மிதிச்சுச் சாணியோட சேத்துடுதுவ. இவ மண்டையும் அப்படித்தான், உள்ள ஒண்ணும் மொளைக்காது."

"உம்ம மண்டையில மொளைச்சத அறுத்துத்தான மாட்டுக்குப் போடுதேன்," என்றாள் அவள். இருவருக்கும் அவ்வளவு பொருத்தம்.

அந்த வருஷம் புல்லை மாசியிலேயே அறுத்திருக்க வேண்டும். "இன்னும் ஒரு சாண் வளரட்டும்" என்றார் ஞானசிகாமணி. வளர்ந்தது. நின்ற நிலையிலேயே காய்ந்தது. தேக்கும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

பங்குனியில் ஒரு மத்தியானம், மலையிலிருந்து முதலில் வந்தது வாசனையில்லை, சத்தம். ஆயிரம் பேர் சருகின்மேல் ஓடி வருகிற மாதிரி. பிறகு ஒரு கீரி, அதன் பின்னால் அது துரத்தாத ஒரு பாம்பு, இரண்டும் ஒரே திசையில் ஓடின. பிறகு புகை. சூரியன் செம்புத் தட்டாகிவிட்டது.

இசக்கியும் மாடுகளும் தோப்புக்குள். வாசல், தீ வருகிற பக்கம்.

ஞானசிகாமணி கம்பி வெட்டும் குறட்டோடு கிழக்கு வேலிக்கு ஓடினார். ஊர் ஜனம் மொத்தமும் அவர் பின்னால் போய்த் தகரம் தட்டிக் கூச்சலிட்டது. தகரத்துக்குத் தீ பயப்படும் என்று யார் சொன்னார்களோ. அவர் மனைவி சலேத்மேரி வீட்டு மாடியில் நின்று அலறினாள்: "ஆளும் மாடும் உசிரோட வரட்டும் மாதாவே! காப்பாத்துனவங்களுக்குச் செவலையக் கன்னுக்குட்டியோட குடுத்துடுதேன்!"

மேற்கே, வண்டிப்பாதையில் மரியசூசை மட்டும். அவனிடம் ஒரு தீப்பெட்டி. வரும் தீக்கு முன்னால் புல்லை நாமே எரித்துவிட்டால், வந்த தீக்குத் தின்ன எதுவும் இராது. ஆனால் ஒரு பொறி பாதையைத் தாண்டினால் தோப்புச் சருகு பிடிக்கும். உள்ளே ஒரு பெண்.

"ஏ இசக்கீ!" மூன்று முறை கூப்பிட்டான். பதில் குரல் இல்லை. வாசல்வரை ஓடினான்; புகை நெட்டித் தள்ளியது. திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு தோப்புப் பக்கம் தலையைச் சாய்த்து, எரிகிற உலகத்தின் நடுவில் கட்டை மாதிரி நின்றான். மாடியிலிருந்து சலேத்மேரி பார்த்தாள். பிறகு அவன் குச்சியை உரசினான்.

புல்வெளி எரிந்து மலைத்தீயைச் சந்தித்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்று செத்தன. ஆனால் பொறி தாண்டத்தான் செய்தது. தோப்புக்குள் சருகு முழுதும் எரிந்தது. ஞானசிகாமணி கம்பியை வெட்டிப் பத்தடி போவதற்குள் புருவம் பொசுங்கித் திரும்பினார்.

தணிந்தபின் போய்ப் பார்த்தால், வழுக்கைத் தரையில் பதினாலு மாடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. செவலையின் கண்ணை முந்தானைக் கிழிசலால் கட்டியிருந்தது. இசக்கி மூத்திரச் சேற்றில் நனைத்த துணியை வாயோடு இறுக்கியிருந்தாள். அவளுடைய வலது கை செவலையின் கழுத்து மணியை விட மறுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஊர் மரியசூசையைச் சூழ்ந்தது. "பொம்பள உள்ள இருக்கான்னு தெரிஞ்சே வச்சியால?" புகை அவன் தொண்டையை அடைத்துவிட்டது; குரலே எழவில்லை. கையால் கழுத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினான். "தொண்டை வலிக்காம், பாவம்!" என்று ஒருத்தி காறித் துப்பினாள்.

இப்போது சலேத்மேரி நேர்ந்துகொண்ட பசுவுக்கு மூன்று பேர் உரிமை. கம்பியை வெட்டியது நான் என்கிறார் ஞானசிகாமணி. மலைத்தீயை நிறுத்தியது மரியசூசை. அவனைப் போலீசில் கொடுக்கலாமா என்றும் ஊர் யோசிக்கிறது. மூன்றாவது, சொன்ன பேச்சைக் கேட்காத சோம்பேறி இசக்கி.

சொல்லுங்கள்: மரியசூசை செய்தது கொலைபாதகமா, இல்லையா? செவலை யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

விடை: மிரண்டு ஓடுகிற மாட்டின் மணி தாறுமாறாக அடித்துத் தள்ளித் தள்ளிப் போகும். மரியசூசை கேட்டது ஒரே இடத்திலிருந்து, ஒரே சீராக வந்த மணி. அது மனுஷக் கை. எந்த இடம் என்பதும், அங்கே எரிய ஒன்றும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அவனே கேலி செய்த இடம்தான். ஆகவே பழி நீங்க வேண்டும். பசு இசக்கிக்கு. வழுக்கை அவளுடையது, மணி அடித்த கை அவளுடையது, அவன் காது கொடுத்தான், அவ்வளவே. ஞானசிகாமணிக்குக் கிழக்கே இன்னொரு வாசல் வைக்கும் செலவு.

மணி கேட்காமலிருந்தால் அவன் உரசியிருப்பானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். செவலையை ஓட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனபோது இசக்கியும் கேட்கவில்லை.