மேற்கு வீட்டுத் தலைமுடி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தமாய்ச் சொல்லுகிற கதை இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஆவுடையம்மை என்று ஒருத்தி இருந்தாள். நாதியத்த கிழவிகளுக்காகக் கிழக்கு வீடு, மேற்கு வீடு என்று இரண்டு வீடு கட்டிக் காப்பாற்றி வந்தாள். கிழக்கு வீட்டைச் சௌந்தரி பார்த்துக்கொண்டாள், மேற்கு வீட்டை இசக்கி. தனக்கே தள்ளாமை வந்ததும், இரண்டையும் ஒருத்தி கையில் ஒப்படைத்துவிட நினைத்தாள் ஆவுடையம்மை. சிஷ்யை தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டாள். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து, நரை விழுந்த பிறகு அவளிடம் வந்து சேர்ந்தவள்.

“ஏளா, ரெண்டு வீட்டையும் பாத்துட்டு வா. நீ சொல்லுதவதான் தலைவி.”

“நான் சொன்னா கேப்பீங்களாம்மா?”

“கேப்பேன்.”

அன்று வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். கிழக்கு வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். கிழவிகள் குளித்து, கஞ்சி குடித்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஒட்ட வெட்டின தலைகள்.

“இத்தனை பேருக்கு ரெண்டே ஆளா?”

“முன்ன நாலு பேரு இருந்தாளுவ. ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டாளுவ. சீவிவிட ஆளில்லன்னுதான் முடிய வெட்டினோம் க்கா. வெட்டின பொறவு ஆளே தேவைப்படல” என்றாள் சௌந்தரி. பொய் சொல்லத் தெரியாதவள்.

வரிசைக் கடைசியில் ஒரு கிழவி பிடரிக்குக் கையைக் கொண்டுபோனாள். கொண்டை முடிகிற மாதிரி விரலைச் சுற்றினாள். கை வெறுமனே மடிக்குத் திரும்பியது.

தங்கபுஷ்பம் பார்த்தாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேற்கு வீட்டில் வெயில் ஏறியும் அடுப்புப் பற்றவில்லை. இசக்கியும் நாலு வேலைக்காரிகளும் படியில் உட்கார்ந்து கிழவிகளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சீயக்காய் வாசம், சாம்பிராணிப் புகை.

“மெல்ல இழுட்டி இசக்கி! உன் மாமியா முடின்னு நெனச்சியா?”

“எம் மாமியாவுக்கு முடி ஏது? எலிவாலு!”

கிழவிகள் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

“எனக்குச் சடங்கு வச்சப்பம் தாழம்பூ வச்சுப் பின்னுனாவ. எங்க அத்தை பின்னுனா கண்ணு மேல போய்ச் சொருவும். ஆனா தெருக்கோடி வரைக்கும் மணக்கும்” என்றாள் ஒருத்தி.

அந்தத் தாழம்பூ எல்லார் மூக்குக்கும் வந்துவிட்டது போல.

“எம் புருசன் செத்தப்பம் மொட்டையடிக்கணும்னு ஊரே வந்து நின்னுது” என்றாள் இன்னொருத்தி. “எங்க அய்யா வாசல்ல குறுக்க படுத்துட்டாவ. என்னைத் தாண்டிட்டுப் போங்கடான்னு.”

“கஞ்சி எப்போ?” என்றாள் தங்கபுஷ்பம்.

“ஆவும் க்கா” என்றாள் இசக்கி, திரும்பாமல்.

தங்கபுஷ்பம் குருவிடம் வந்தாள்.

“சௌந்தரிதாம்மா. மேற்கு வீட்டுலயும் முடிய வெட்டிட்டா ரெண்டு ஆளு மிச்சம்.”

“நல்லா யோசிச்சுட்டியா?”

“யோசிச்சுட்டேன்.”

ஆவுடையம்மை உள்ளே போய்க் கத்திரியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“ராத்திரி நானும் மேற்கு வீட்டுலதான படுக்கேன். மொதத் தலை என்னுதா இருக்கட்டும்.”

கொண்டையை அவிழ்த்தாள். வெள்ளை முடி இறங்கித் தரையில் புரண்டது. தேங்காயெண்ணெயும் மரிக்கொழுந்தும் மணத்தன. தங்கபுஷ்பத்துக்கு அவள் அம்மா நினைவுக்கு வந்தாள். ஆலைச் சங்கு ஊதுமுன்னே, முழங்காலுக்கு நடுவே மகளை இறுக்கிப் பிடித்து, திட்டிக்கொண்டே சீவிவிட்ட அம்மா. அந்தச் சூடு முதுகில் அப்படியே இருந்தது.

கத்திரியைத் திறந்தாள். மூட முடியவில்லை. கீழே வைத்துவிட்டாள்.

“சீப்பு எங்கம்மா இருக்கு?”

“இசக்கிட்ட கேளு” என்றாள் ஆவுடையம்மை. இடுப்பில் செருகியிருந்த இரண்டு வீட்டுச் சாவிக்கொத்தையும் உருவி, திரும்பாமலே பின்னால் நீட்டினாள்.

“போறப்பம் இதையும் அவட்ட குடுத்துரு.”