ஓசி டிக்கெட்டுக்கு அபராதம்

பூக்காரி செங்கமலத்துக்குத் துணிக்கடைக் குலுக்கலில் ஒரு தனியார் ரயிலில் போக ஓசி டிக்கெட் விழுந்தது. வண்டி மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தாமதமானால் திரும்பும் பயணம் இலவசம் என்று ரயில் கம்பெனி சொல்லியிருந்ததால், அவள் இறங்கியதும் நேரே அவர்களுடைய ஸ்டேஷன் மேலாளரிடம் போய்க் கேட்டாள்.

மேலாளர் மீசையைத் தடவினார். "ஓசியில வந்துட்டு நஷ்டஈடு வேற கேக்குறியா? ஓசி டிக்கெட்டெல்லாம் ஒரு டிக்கெட்டே இல்ல!"

"அப்ப நான் டிக்கெட் இல்லாமத்தான் வந்திருக்கேன். அபராதம் போடுங்க சார்."

"டிக்கெட் வச்சிருக்கிற ஆளுக்கு எப்படிம்மா அபராதம் போடுறது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் அவர்.

டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மேலாளர் திரும்பும் டிக்கெட்டைக் கொடுத்தார்.

செங்கமலம் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இதுவும் ஓசிதானே சார்? திரும்பிப் போற வண்டியும் லேட்டானா உங்களையே வந்து பார்க்கட்டுமா?"

அன்று மாலை வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பச்சைக்கொடி அசைத்தவர் மேலாளரேதான்.