கறுத்துப்போன செவ்வெள்ளி

அய்யாக்கண்ணுவைத் திருடன் என்று சொன்னது நீர்தான். கடைவீதி நடுவில் நின்று, கல் வியாபாரிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னீர். என் கடைக்கு நல்ல கல்லை விற்றான், பிறகு ஒருநாள் பார்க்க வருவதுபோல் வந்து அதை எடுத்துக்கொண்டு கரிக்கட்டையை வைத்துவிட்டுப் போனான் என்றீர்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தட்டுகளின் மேல் துணி விழுகிறது. நம் வீதியில் நம்பினவன் உள்ளங்கையில்தான் கல்லை வைப்போம். இப்போது அவர் கையில் ஒருவரும் வைப்பதில்லை.

நல்ல கல்லைத் திருப்பி வாங்கி வா என்று கறுத்த கல்லை என்னிடம் கொடுத்தனுப்பினீர். தரகன் நான், கொண்டுபோனேன். அங்கே நடந்ததைக் கேளும். குறுக்கே பேசாதீர்.

மலைச்சரிவில், மூடிப்போன வெள்ளிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வடிவாம்பாள் வீடு. கல் படிக்க வருகிறவர்களுக்கு அவர்தான் குரு. அய்யாக்கண்ணு அவரைவிட வயதில் மூத்த சீடர். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, தலை நரைத்த பிறகு கல் படிக்க வந்தவர். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணே’ என்பார்.

நான் போனபோது இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தை அவிழ்த்து வைத்தேன்.

“உங்க சீடர் வித்த மாணிக்கம். நல்லா அடுப்பெரிக்கலாம்,” என்றேன்.

“மாணிக்கம்னு அவர் சொல்லலையே. செவ்வெள்ளின்னுதானே சொன்னார்?” என்றார் வடிவாம்பாள்.

“பேர் எதுவானா என்னம்மா? சிவப்பா வாங்கினவருக்குச் சிவப்பா வேணும்.”

அய்யாக்கண்ணு கல்லைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெளிச்சத்துல வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்,” என்றார். “வெயில்ல காட்டாத கல்லு என்னய்யா கல்லுன்னு கடைக்காரர் சிரிச்சார். மனசு கேக்காம இன்னொரு தடவை போய், உள்ள எடுத்து வைங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் திருடன்னு பேரு.”

“சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்ன அண்ணே?”

“ஊரே சொல்லுதும்மா. நான்தான் என்னமோ பண்ணிட்டேனோன்னு எனக்கே தோணுது. வெளிச்சம் பட்டா மங்கும்னு நீங்க சொல்லியிருக்கீங்க. ஆனா நல்ல கல்லுன்னா இப்படியா கரியாப் போகும்?”

வடிவாம்பாள் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்தார். பீங்கான் கோப்பைக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அங்கே மட்டும் மெருகு ஏறாமல் வெள்ளையாய், சொரசொரவென்று இருக்கும். கறுத்த கல்லை எடுத்து அதில் ஒரு இழுப்பு இழுத்தார்.

குங்குமம் குழைத்துப் போட்டதுபோல் ஒரு சிவப்புக் கோடு.

“நீங்களும் இழுங்க, தரகரே. கரியை இழுத்தா கருப்புத்தான் வரும்.”

இழுத்தேன். சிவப்பு. கல்லைத் திருப்பி வேறு மூலையில் இழுத்தேன். அதுவும் சிவப்பு. நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மறுபடி இழுத்தேன்.

“போதும், தேஞ்சிடும். கடையில எங்கே வச்சிருந்தார்?”

“வாசல் கண்ணாடிப் பெட்டியில. கிழக்கு பார்த்து. கோடை முழுக்க,” என்றேன். உமக்காகப் போனவன்தான் நான். கண்ணால் கண்டதை மறைக்க நீர் என்னை அனுப்பவில்லையே.

“மாணிக்கம் விக்கிறவங்க கல்லைக் காலை வெயில்லதான் பார்ப்பாங்க. அந்தப் பழக்கத்துல இதையும் வெயில்ல வச்சிட்டார். இது பாறை வெடிப்புல கொதிதண்ணி ஓடி ஆறின இடத்துல விளைஞ்சது. வெள்ளியும் கந்தகமும் பாஷாணமும் கூடி, இருட்டுலயே சிவந்தது. போலிக் கண்ணாடியா இருந்திருந்தா இன்னிக்கும் சிவப்பாவே இருந்திருக்கும்.”

அய்யாக்கண்ணு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

“அப்போ மேல இருக்கிற கருப்பைத் தேய்ச்சு எடுத்துக் குடுத்துடலாம்மா. அவரும் சமாதானமாயிடுவார்.”

“வேண்டாம். இப்படியே போகட்டும்.” வடிவாம்பாள் என் பக்கம் திரும்பினார். “தரகரே, சந்தை கூடுற நாள்ல, உச்சிவெயில்ல, கடைவீதி நடுவுல இந்தக் கல்லைக் கடைக்காரர் தன் கையால எங்க அண்ணன் உள்ளங்கையில வைக்கச் சொல்லுங்க.”

அய்யாக்கண்ணு பதறிவிட்டார். “உச்சிவெயில்லயா? கல்லு இன்னும் கறுக்குமேம்மா.”

“கறுக்கட்டும் அண்ணே. கல்லை ஒரு இழுப்பு இழுத்தா சிவப்பு தெரிஞ்சிடும். மனுஷனை எதுல இழுத்துக் காட்டுறது?”

அய்யாக்கண்ணு பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

இன்று சந்தை நாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கல் இதோ என் துண்டில் இருக்கிறது. கோப்பையையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் இழுத்துப் பாரும். உம் கடை வாசலில் அய்யாக்கண்ணு உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். வீதி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்லாவை விட்டு எழுந்திரும். படி இறங்கி வந்து, அந்தக் கையில் வையும்.