இடம் விட்டவர்

ஆற்றங்கரை மேட்டில் இருந்த முருகன் மடத்தில் அம்பலவாணர்தான் எல்லாம். மாலையில் சொற்பொழிவும் அவருடையதே. எளியவர் மேல் இரக்கம் வேண்டும் என்று அவர் பேசினால் கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவருடைய குரு சடையப்ப அடிகள் வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். முன்பு மடத்தின் தலைவராக இருந்த பெரியவர் காலமாகும்போது பட்டத்தை அம்பலவாணருக்குத் தராமல் அடிகளுக்குத் தந்துவிட்டார். அந்த வருத்தம் அம்பலவாணருக்கு உள்ளுக்குள் இருக்கத்தான் செய்தது.

அந்த ஐப்பசியில் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தார்கள். மண்டபத்தைக் கழுவித் தீர்த்தம் தெளித்து, வெண்கல முருகனை உள்ளே வைத்துப் பூட்டியாயிற்று. சாவி அம்பலவாணர் இடுப்பில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அன்று பிற்பகல் ஆறு கரையை உடைத்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தன. முன்னால் நின்றவள் செங்காயி. முந்தானைக்குள் அழும் கைக்குழந்தை.

"சாமி, கதவத் தொறங்க. புள்ள வெறைச்சுப் போச்சு."

"பள்ளிக்கூடத்துக்குப் போங்கம்மா."

"அங்க இடுப்பளவு தண்ணி, சாமி."

"மண்டபம் சுத்தி பண்ணியிருக்கு. ஈரக்காலோட நீங்க நுழைஞ்சா எல்லாம் வீணாப் போகும். உள்ள இடமில்ல."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நியமம் பெரிது, அதில் தளரக்கூடாது என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டார். அவர்கள் வேப்பமரத்தடியில் ஒண்டினார்கள். மரமும் ஒழுகியது.

உடைப்பை அடைக்க மண்மூட்டை சுமந்துகொண்டிருந்த அடிகள் முழங்கால்வரை சேற்றோடு திரும்பிவந்தார். மரத்தடியைப் பார்த்தார்.

"இவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள்?"

"உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டேன், சாமி."

"உள்ளே யார் இருக்கிறார்?"

"முருகன் மட்டும்தான்."

அடிகள் கையை நீட்டினார். அம்பலவாணர் தயங்கினார். நீட்டிய கை மடங்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

அடிகள் உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் தோளில் முருகன் இருந்தார். நேராக முற்றத்துக்கு நடந்து, கொட்டும் மழையில் போய் நின்றார். புதுப்பட்டு நனைந்து சிலையோடு ஒட்டிக்கொண்டது.

அம்பலவாணர் பதறிப்போய்க் குடையோடு ஓடினார். "அபசாரம்! சாமி நனைகிறார்! உள்ளே கொண்டுபோங்கள்!"

"முதலில் அவர்கள் உள்ளே போகட்டும். பிறகு வருகிறோம்."

"குடமுழுக்கு நின்றுபோகுமே!"

"நிற்கட்டும்."

கதவு திறந்தே கிடந்தது. ஆனால் மரத்தடியிலிருந்து ஒருவரும் அசையவில்லை. வேண்டாம் என்றவர் வா என்று சொல்லாமல் எப்படி வருவார்கள்? செங்காயி அம்பலவாணரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தையின் அழுகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். "உள்ள வாம்மா. எல்லாரும் வாங்க."

சிலைக்கென்று மடித்து வைத்திருந்த இன்னொரு பட்டை உதறிக் குழந்தையைச் சுற்றினார். அடுப்பை மூட்டச் சொல்லி இரைந்தார். உள்ளங்காலைச் சூடுபறக்கத் தேய்த்தார். விடாமல் தேய்த்தார். கடைசியில் குழந்தை வீறிட்டது. செங்காயி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகுதான் அவர் முற்றத்துக்கு வந்தார். அடிகள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படி மனசு வந்தது, குருவே? அவரைப் போய் மழைக்குத் தூக்கிவர?"

அடிகள் சிலையின் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தார்.

"நான் எங்கே தூக்கிவந்தேன், அம்பலவாணரே? இடமில்லை என்று நீர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் போனபோதே எழுந்து நின்றுகொண்டிருந்தார்."